சுருக்கிய ஓலை

சேரப்பணஞ்சேரிப் பக்கத்து ஆலைகளில் நாங்கள் வரைபடங்களை ஜிப் கோப்பாகச் சுருக்கி அனுப்புகிறோம். நாளைக்குத் திறந்தால் போதும். நூல்கள் அப்படியில்லை, நூறு வருஷம் கழித்தும் திறக்கணும்.

ஓலையில் கரையான் ஓரெழுத்தை அரித்தால் அந்த எழுத்துதான் போகும். மிச்சத்தை வைத்து உ.வே.சா. பாடம் கண்டார். சுருக்கிய கோப்போ, திரும்ப வரும் சொல்லை ‘முன்னே பார்’ என்ற குறிப்பாக்கித்தான் இடத்தை மிச்சம் பிடிக்கிறது. நடுவில் ஒரு பிட் கெட்டால் பின்பகுதியே குலையலாம்.

1989இல் வந்த ஜிப்பின் விவரணையை பில் காட்ஸ் பொதுவில் வைத்தார். அதனால் இன்றும் திறக்கிறது. உள்ளே திஸ்கி குறியேற்றம் இருந்தால் அது இரண்டாவது பூட்டு. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் நூல்களை யூனிகோடுக்கு மாற்றியது, ஓலை பெயர்த்தெழுதிய அதே வேலைதான். சுருக்குங்க, தப்பில்ல, சுருக்காத பிரதி ஒண்ணு வேற இடத்துல இருக்கட்டும்.