ஈயமும் கடதாசியும் கருமருந்தும்

பத்திரிகைத் துறையில் பணியாற்றிய ஆண்டுகளில் ‘சன்னம்’ என்ற சொல்லை எத்தனை ஆயிரம் தடவைகள் எழுதியிருப்பேனோ தெரியாது. ஆனால் தோட்டா வேறு, சன்னம் வேறு என்பதைக்கூட அக்காலத்தில் நாம் பிரித்தறிந்து எழுதியதில்லை. துவக்கினுள் இடப்படும் முழுப் பொதி தோட்டா; அதிலிருந்து பறந்து செல்லும் ஈயத்துண்டு மட்டுமே சன்னம். அந்த ஈயத்துண்டு எத்தகையதாக இருக்கவேண்டும் என்ற தேடல் 19ஆம் நூற்றாண்டில் பல பொறியியலாளர்களின் வாழ்நாளை விழுங்கியது. அத்தேடல் இலக்குச் சுடும் போட்டி மைதானங்களோடு நின்றுவிடவுமில்லை.

சிக்கல் கருமருந்தில் தொடங்குகிறது. வெடியுப்பும் கந்தகமும் கரியும் கலந்த இம்மருந்து எரியும்போது, அதன் நிறையில் பாதிக்கும் மேற்பட்டது வாயுவாக மாறாமல் திண்மமாகவே எஞ்சுகிறது. அதில் ஒரு பகுதி புகையாக வெளியேற, மற்றது குழலின் உட்சுவரில் படிகிறது. வாய்வழியாக நிரப்பும் ரைபிளில் சன்னம் குழலைவிடச் சற்றுச் சிறியதாக இருந்தால்தான் உள்ளே இறங்கும். ஆனால், குழலினுள்ளே வெட்டப்பட்ட சுருள் பள்ளங்களைக் கவ்விச் சுழல வேண்டுமாயின் அது குழலை இறுக நிரப்ப வேண்டும். உள்ளே போகும்போது சிறிதாகவும் வெளியே வரும்போது பெரிதாகவும் இருக்கவேண்டிய ஒரு பொருள்!

1849ஆம் ஆண்டளவில் பிரெஞ்சு இராணுவ அதிகாரியான மினியே இதற்கு ஒரு வழி கண்டார். அடிப்புறம் குழிவான மென் ஈயச் சன்னம் அது. மருந்து எரியும் விசையில் குழிவின் விளிம்பு விரிந்து பள்ளங்களைக் கவ்விக்கொள்ளும். பிரித்தானியரின் 1853ஆம் ஆண்டு என்பீல்ட் ரைபிளும் இக்கொள்கையையே பின்பற்றியது. அதன் குழலின் விட்டம் 0.577 அங்குலம், சன்னத்தின் எடை 530 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 34 கிராம். படியும் கரியை இளக்கமாக வைத்திருப்பதற்காகச் சன்னத்தைச் சுற்றிய கடதாசியில் கொழுப்புப் பூசினார்கள்.

அந்தக் கொழுப்பின் கதையை எம்மவர் பலரும் பாடசாலையிலேயே படித்திருப்பர். தோட்டாவின் கடதாசியைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். அதில் பசுவினதும் பன்றியினதும் கொழுப்பு இருப்பதாகச் செய்தி பரவியது. 1857 ஏப்ரலில் மீரட்டில் 85 சிப்பாய்கள் தோட்டாவைத் தொட மறுத்தனர். அன்று அவர்களுக்கு வழங்கப்பட்டவை பழைய வகைத் தோட்டாக்களே என்பது குறிப்பிடத்தக்கது. ஐயம் அவ்வளவு முற்றியிருந்தது. மே 9ஆம் திகதி அவர்களுக்கு விலங்கு பூட்டப்பட்டது. மறுநாள் கிளர்ச்சி வெடித்தது. நிலமும் வரியும் பறிபோன அரசுகளுமாகக் காரணங்கள் வேறு பல உண்டு. கொழுப்பை மாத்திரம் சொல்லி முடிப்பது ஆட்சியாளருக்கு வசதியான வரலாறு.

அதே 1857இல் இங்கிலாந்தில், ஹைத் என்னுமிடத்தில், மன்செஸ்டர் பொறியியலாளர் ஜோசப் விட்வேர்த் தமது புதிய ரைபிளை என்பீல்டுடன் போட்டிக்கு விட்டார். சன்னத்தின் எடையை அவர் மாற்றவில்லை. அதே 530 கிரெய்ன்தான். ஆனால் விட்டத்தை 0.451 அங்குலமாகக் குறைத்தார். அதனால் சன்னம் மெலிந்து நீண்டது. காற்றைக் கிழிப்பது அதற்கு எளிது. எனினும் நீண்ட சன்னம் வழியில் புரளாதிருக்க வேகமாகச் சுழல வேண்டும். என்பீல்டின் பள்ளம் 78 அங்குலத்தில் ஒரு சுற்றுச் சுற்ற, விட்வேர்த்தின் அறுகோணக் குழல் 20 அங்குலத்திலேயே சுற்றியது. 500 யார் தூரத்தில் என்பீல்டின் சராசரி விலகல் 2.24 அடி, விட்வேர்த்தினது 0.37 அடி. 1400 யாரில் என்பீல்ட் இலக்கைத் தொடவேயில்லை.

1860இல் விம்பிள்டனில் தேசிய ரைபிள் சங்கத்தின் முதற் போட்டியை விக்டோரியா மகாராணியார் தொடக்கிவைத்ததும் ஒரு விட்வேர்த் ரைபிளால்தான். 400 யாரில் மையத்திலிருந்து ஒன்றரை அங்குலத்துக்குள் பட்டது. ரைபிளை முன்கூட்டியே தாங்கியில் பொருத்திக் குறிபார்த்து வைத்திருந்தார்கள். மகாராணியார் கயிற்றை இழுத்தார், அவ்வளவே. இராணுவமோ அந்த ரைபிளைப் பொதுப் படைக்கு ஏற்கவில்லை. விலை அதிகம், ஒடுங்கிய குழலில் கரியும் விரைவில் அடைத்துக்கொண்டது.

இனி வருபவர்தான் என் மனதைக் கவர்ந்தவர். வில்லியம் எலிஸ் மெட்போர்ட் புகையிரதப் பாதைப் பொறியியலாளர். அவரும் அதே 1857இல் இந்தியாவுக்கு வந்து கங்கைக் கரையிலுள்ள முங்கேரில் பணியேற்றார். வந்த வேளையிலேயே கிளர்ச்சி மூண்டுவிட, ஊரின் பாதுகாப்பு ஏற்பாடுகளில் முன்னின்று உழைத்தார். உடல்நலம் கெட்டு விரைவிலேயே நாடு திரும்பினார். முங்கேர் துவக்குச் செய்யும் கொல்லர்களுக்குப் பேர்போன ஊர் என்பது தனிக்கதை.

போட்டி ரைபிளுக்கு மென் ஈயம் பொருந்தாது என்பது மெட்போர்டின் முடிவு. நீண்ட சன்னம் மிக மென்மையாயின் மருந்தின் அடியில் அதன் உடல் நசுங்கி, மூக்கு ஒருபுறம் சாய்ந்துவிடும். மிகக் கடினமாயின் விரியாது. ஆகவே ஈயத்தில் வேறு உலோகத்தைச் சிறிதளவு கலந்து கடினமாக்கி, அது சற்றே விரிந்தாலும் கவ்வக்கூடியதாகப் பள்ளங்களின் ஆழத்தைக் குறைத்தார். சன்னத்தைச் சுற்றி மெல்லிய கடதாசி. அது ஈயம் குழலில் ஒட்டாமல் காத்து, வாயிலைக் கடந்ததும் கழன்றுவிடும். அவரது போட்டி ரைபிள் 1865இல் வெளிவந்தது.

இக்கலையின் உச்சம் 1874 செப்டெம்பர் 26ஆம் திகதி, நியூயோர்க்கை அடுத்த கிறீட்மூரில். வாய்வழி நிரப்பும் ரிக்பி ரைபிள்களுடன் அயர்லாந்தின் அறுவர். பின்புறம் நிரப்பும் ரெமிங்டன், ஷார்ப்ஸ் ரைபிள்களுடன் அமெரிக்காவின் அறுவர். தூரம் 800, 900, 1000 யார். இரு தரப்பிலும் நீண்ட, கனத்த சன்னங்களே. அமெரிக்கா 934, அயர்லாந்து 931. ஐரிஷ் வீரர் ஒருவரின் சன்னம் நடுமையத்தில்தான் பட்டது. ஆனால் பக்கத்து இலக்கின் நடுமையத்தில்! அந்த நான்கு புள்ளிகள் போதும், முடிவு மாறியிருக்கும். எந்த ஈயக் கலவை இதற்கு உதவும்?

எமது சிறுபராயத்தில் பொலிஸ் நிலைய வாசலில் காவல் நின்றவரின் தோளில் தொங்கிய ‘திறீ நோட் திறீ’ இந்த வம்சத்தில் வந்ததே. அதன் மூதாதையான 1888ஆம் ஆண்டு லீ-மெட்போர்ட், கருமருந்துத் தோட்டாவுடன்தான் சேவைக்கு வந்தது. சில ஆண்டுகளில் கோர்டைட் என்னும் புகைகுறைந்த மருந்து வந்து, தன் வெப்பத்தால் மெட்போர்டின் ஆழமற்ற பள்ளங்களை அரித்துத் தின்றது. 1895இல் ஆழமான என்பீல்ட் பள்ளங்கள் இடப்பட்டன. ரைபிளின் பெயரிலிருந்து மெட்போர்ட் நீக்கப்பட்டார்.