ஏலாமையும் சோம்பலும்: தேற்றாத்தீவிலிருந்து ஒரு நோக்கு

மட்டக்களப்புத் தமிழில் ‘ஏலாது’ என்னும் சொல் இரு பொருள் தருவது. ஒன்று ‘இயலாது’, மற்றது ‘உடல்நலமில்லை’. ‘அவருக்கு ஏலாது’ எனுமிடத்து, அவர் மறுக்கிறார் என்பதன்று, அவருடல் இடந்தரவில்லை என்பதே கருத்து. இவ்வேறுபாட்டைக் குடியேற்றநாட்டு நிர்வாகம் பொருட்படுத்தவில்லை. ஆசிய உழைப்பாளர்மீது சுமத்தப்பட்ட ‘சோம்பேறி’ப் பட்டத்தின் வர்க்க உள்ளடக்கத்தை, மலாய், பிலிப்பீன்ஸ், ஜாவா மக்களை முன்வைத்துச் சையத் ஹுசைன் அலாத்தாஸ் 1977இல் வெளிவந்த தம் நூலில் தெளிவுறுத்தினார். நமது வயல்நிலங்களுக்கும் அத்தகைய ஆய்வு வேண்டற்பாலது.

தேற்றாத்தீவு கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எழுவான்கரைக் கிராமம். எழுவான்கரையார் வாவியைக் கடந்து படுவான்கரையில் வேளாண்மை செய்வதும், அங்கே வாடியமைத்துத் தங்குவதும் நெடுங்கால வழக்கு. போடியாரின் நிலத்தில் உழைத்த வயற்காரனே காவலிரவுகளையும் அங்குக் கழித்தான். வரண்ட வலயமோ மலேரியா நிலைகொண்டிருந்த பிரதேசம். மீளமீள வரும் அக்காய்ச்சல் குருதியின் செங்கலங்களைச் சிதைக்கும், மண்ணீரல் வீங்கும், காய்ச்சல் தணிந்த பின்னரும் சோகையும் அசதியும் எஞ்சும். 1934-35இல் ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பலிகொண்ட கொள்ளைநோய், எதிர்ப்பாற்றல் குறைந்திருந்த தென்மேற்குப் பகுதிகளையே பெரிதும் தாக்கிற்று. சூரியமல் இயக்கத்தினர் நிவாரணப் பணியில் இறங்கினர். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியது. அம்மரணங்கள் இவ்வாறு அரசியல் வரலாற்றில் இடம்பெற்றன. ஆண்டுதோறும் காய்ச்சலில் தளர்ந்த வயற்காரனின் அசதியோ இடம்பெறவில்லை. இடதுசாரிகளாகிய நாமும் இதற்கு விலக்கல்லோம்.

அசதிக்கும் வர்க்கமுண்டு. அமெரிக்க மருத்துவர் ஜோர்ஜ் பியர்ட் 1869இல் ‘நரம்புத்தளர்ச்சி’ நோயை விவரித்தபோது, அதனை மூளையுழைப்பாளரின் நோயாகவே கண்டார். தோட்டத் தொழிலாளரின் கொக்கிப்புழுச் சோகையோ, முதலாம் உலகப்போர்க் காலத்தில் றொக்பெல்லர் நிறுவனம் இலங்கையில் ஒழிப்புப்பணி தொடங்கியபோது, தோட்ட உரிமையாளருக்கு நேர்ந்த உழைப்புத்திறன் இழப்பாகக் கணக்கிடப்பட்டது. மருந்து வந்தது, மலசலகூடம் பின்தங்கியது.

2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியாவற்ற நாடென அறிவித்தது. எனினும் நோய் தணிந்தும் உடல் மீளாத நிலை மலேரியாவுக்கு மட்டும் உரியதன்று. 1955இல் இலண்டன் றோயல் பிறீ மருத்துவமனையில் ஏறத்தாழ 300 பேர், பெரிதும் பெண் பணியாளர், நோயுற்றனர். 1970இல் உளமருத்துவர் இருவர் அதனை ‘ஹிஸ்டீரியா’ என்றனர். ‘சோம்பல்’ என்பதற்கு மருத்துவம் கண்ட மறுபெயர் அதுவெனத் துணிந்து கூறலாம். நாட்பட்ட அசதி நோய் உடல்சார்ந்ததே என்பதை அமெரிக்க மருத்துவக் குழுவொன்றின் அறிக்கை 2015இல் ஏற்றது. பிரித்தானிய வழிகாட்டல் 2021இல் படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் சிகிச்சையைக் கைவிட்டு, உள்ள சக்தியின் எல்லைக்குள் வேலையையும் ஓய்வையும் வகுத்துக்கொள்ளச் சொன்னது. வயலுக்கு நாட்கூலியாகச் செல்பவர் அவ்வாறு தாமே வகுத்துக்கொள்ளல் எங்ஙனம்? ஏலாமற் கிடந்த நாளுக்கு அவருக்குக் கூலியில்லை.