நுண்டுகள் நூற்பா விளக்கவுரை

காற்றறு கலத்துள் கட்டிநீர் அருந்தி
நொதிக்கும் நுண்ணுயிர் நீர்வளி உமிழும்;
இரும்பின் நுண்டுகள் அளவின் இடினே
மிகுமவ் வளியே, விஞ்சின் குறையுமே.

இந்நூற்பா என்னுதலிற்றோ எனின், நொதிக்கும் பாக்டீரியா வெளிவிடும் ஹைட்ரஜனை இரும்பு நானோதுகளால் மிகுவிக்குமாறு உணர்த்துதல் நுதலிற்று.

காற்றறு கலத்துள் என்பது ஆக்ஸிஜன் புகாத கலத்தினுள் என்றவாறு. இதனை முதற்கண் வைத்தார், ஹைட்ரஜனை ஆக்கும் ஹைட்ரஜனேஸ் என்னும் நொதி ஆக்ஸிஜன் தீண்டக் கெடுமாகலின். கட்டிநீர், சருக்கரை கரைந்த நீர். ஆலைக் கழிவுப்பாகும் இதன்கண் அடங்கும்.

நுண்ணுயிர் என்றது ஈண்டுக் கிளாஸ்ட்ரிடியம் பியூட்டிரிக்கம் முதலாயினவற்றை. 'நொதிக்கும்' என்னும் அடை, அவற்றை எடுக்கும் சேற்றில் உடனுறையும் மீத்தேன் ஆக்கிகளை விலக்கிற்று. அவை ஹைட்ரஜனை உண்டு தீர்ப்பன. ஆதலின் சேற்றை முன்னரே காய்ச்சுவர். வெப்பத்தால் அவை மாய, கிளாஸ்ட்ரிடியம் வன்தோல் வித்தாய் ஒடுங்கித் தப்பும்.

நீர்வளி, ஹைட்ரஜன், எரிந்துழி நீராதலின் அப்பெயர்த்து. ஈனும் என்னாது உமிழும் என்றார், அஃது உயிர்க்குக் கழிபொருளாகலின். சருக்கரை சிதைவுழி மிஞ்சிய எலக்ட்ரானை ஃபெர்ரிடாக்ஸின் என்னும் புரதம் சுமந்து ஹைட்ரஜனேஸுக்கு ஈயும். அந்நொதி அதனைப் புரோட்டானொடு கூட்டி வளியாக்கும். குளுக்கோஸ் 1 மோலுக்கு, அசிட்டிக் அமிலம் உடன்விளையின் 4 மோலும், பியூட்டிரிக் அமிலம் விளையின் 2 மோலும் ஹைட்ரஜன் எல்லையாம்.

பொன், வெள்ளி, நிக்கல் துகள்களையும் ஆய்வாளர் இட்டுக் கண்டனர். அவையிருப்ப இரும்பை எடுத்தோதியது என்னையெனின், மேற்கூறிய புரதமும் நொதியும் இரும்பு-கந்தகத் திரளைகளால் இயங்குவன ஆகலின். நுண் என்னும் அடையும் வாளா வந்ததன்று. ஒரே எடை இரும்பை 100 நானோமீட்டர் துகளாக்காது 10 நானோமீட்டர் துகளாக்கின் மேற்பரப்பு பத்து மடங்காம். பரப்பு மிக, இரும்பு அயனி கரைந்து உயிர்க்குக் கிட்டுதலும் எலக்ட்ரான் கைமாறுதலும் எளியவாம்.

அஃதேல், இரும்புதானே அமிலத்தொடு கூடி ஹைட்ரஜன் விடுமன்றோ, அதனை நுண்ணுயிர்மேல் ஏற்றுவது பொருந்துமோ எனின், ஆக்சைடாகாத இரும்புத் துகளாயின் அவ்வையம் தக்கதே. 'அவ்வளி' என்னும் சுட்டு நுண்ணுயிர் உமிழ்ந்ததனையே சுட்டி அதனை அறுத்தது. இதுபற்றியே துகள் இட்டு நுண்ணுயிர் இடாத கலம் ஒன்றை உடன்வைத்து, அதன் வளியைக் கழித்துக் கொள்வர். ஃபெரிக் ஆக்சைடுத் துகளாயின் இவ்வையத்திற்கு இடனில்லை. மிகும் என்றதனால் 4 மோல் எல்லை கடக்கும் எனவும் கொள்ளற்க. அதனை நோக்கி அணுகும் என்பதே கருத்து.

அளவின் என்பது இந்நூற்பாவின் உயிர்நிலை. 'இடினே' என்னும் ஏகாரம் பிரிநிலை. அளவின் இட்டாலன்றி மிகாது என்றவாறு. இத்துணை மில்லிகிராம் என வரையாது விட்டார், அது துகளும் நுண்ணுயிரும் அமிலத்தன்மையும் வேறுபடத் தானும் வேறுபடுமாகலின். விஞ்சின் குறையும் என்றது, மிக்க இரும்பு உயிரணுச் சவ்வைத் தாக்கி நஞ்சாதலை. ஈற்றேகாரம் அசை.

செய்து காண விழைவார் துகளிடாத கலத்தின் வளியை முதலில் அளந்து, பிற கலங்களிற் படிப்படியே ஏற்றி இட்டு, வளி இறங்கத் தொடங்கும் இடத்தைத் தத்தம் கலத்திலேயே கண்டு கொள்க.