பானையும் பெட்டியும்: வீட்டிலேயே செய்த ஒலிபெருக்கிகளின் கதை

இளையராஜா பாட்டில் 'கும்' என்று அடிவயிற்றைத் தொடும் சத்தம் வேண்டும், கையில் காசு இல்லை. என்ன செய்வது? தமிழ்நாட்டுக் கிராமங்கள் இதற்கு ஒரு விடை கண்டுபிடித்து வைத்திருந்தன. பானை! பழைய ரேடியோவிலிருந்தோ டேப்ரெக்கார்டரிலிருந்தோ கழற்றிய ஸ்பீக்கரை மண்பானையின் வாயில் உட்கார வைத்து, ஒயரைக் கொடுத்தால் போதும். டீக்கடையிலும் சலூனிலும் சைக்கிள் கடையிலும் இப்படி ஒரு பானை பாடிக்கொண்டிருந்ததை 1980, 90களில் வளர்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இதைக் கேலியாகப் பேசுகிறவர்கள் உண்டு. ஆனால் ஒலிபெருக்கியின் நூறு வருட வரலாற்றைப் பார்த்தால், அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பெரிய பெரிய பொறியாளர்கள் மண்டையை உடைத்துக்கொண்ட அதே கேள்விக்குத்தான் பானையும் பதில் சொல்லியிருக்கிறது. ஸ்பீக்கரின் முதுகுப் பக்கம் வரும் சத்தத்தை என்ன செய்வது என்பதே அந்தக் கேள்வி.

1925ல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும், காந்தத்துக்குள் அசையும் சுருளில் ஒட்டிய காகிதக் கூம்பு ஒன்றை உலகுக்குக் காட்டினார்கள். இன்றைக்கும் நம் வீட்டு டிவிக்குள் இருப்பது அதன் பேரப்பிள்ளைதான். இந்தக் காகிதக் கோன் முன்னால் போகும்போது முன்பக்கக் காற்று நெருங்குகிறது, அதே நேரத்தில் பின்பக்கக் காற்று தளர்கிறது. தடுப்பு எதுவும் இல்லாவிட்டால் இரண்டும் ஓரத்தைச் சுற்றி வந்து ஒன்றை ஒன்று தின்றுவிடும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர். 20 சென்டிமீட்டர் அகல ஸ்பீக்கரைச் சுற்றி வருவது அதற்கு ஒரு வேலையே இல்லை. அதனால்தான் வெறும் ஸ்பீக்கரைக் கையில் பிடித்துக் கேட்டால் கொசு பாடுவது போல் இருக்கிறது. பின்பக்கத்தை அடைத்துவிட்டால் தவில் கேட்கிறது. பானை செய்வது அந்த அடைப்பு வேலையைத்தான்.

திருமானூர் பக்கம் ஒலிபெருக்கி முதலில் வந்த வழி வேறு. கொள்ளிடத்தின் வடகரையில், அரியலூரிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் உள்ள ஊர் இது. இன்று அரியலூர் மாவட்டம். 1995 வரை இந்தப் பகுதி முழுக்கத் திருச்சி மாவட்டம்தான். சென்னையில் சி.வி.கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியில் 1924ல் தொடங்கிய ரேடியோ கிளப், பணமில்லாமல் 1927ல் மூடிவிட்டது. அந்த வேலையைச் சென்னை மாநகராட்சி 1930ல் கையில் எடுத்து, பொது இடங்களில் ஒலிபெருக்கி கட்டி மக்களைக் கேட்க வைத்தது. திருச்சி வானொலி நிலையம் வந்தது 1939 மே 16ல். அதன் பிறகு பஞ்சாயத்து ரேடியோ, டூரிங் டாக்கீஸ், கட்சிக் கூட்டம், கல்யாண மைக்செட் என்று வரிசையாக வந்த எல்லாவற்றுக்கும் ஒரே முகம். கூம்பு, அதாவது குழாய் ஸ்பீக்கர்.

ஏன் கூம்பு? கணக்கைப் பார்த்தால் புரியும். ஒரு வாட் மின்சாரம் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் கூம்பு சுமார் 105 டெசிபலுக்கு மேல் கத்தும். சின்னப் பெட்டி ஸ்பீக்கர் 85 எட்டினாலே பெரிது. இருபது டெசிபல் வித்தியாசம் என்றால் நூறு மடங்கு மின்சாரம்! 30 வாட் ஆம்ப்ளிஃபயரும் ஒரு கார் பேட்டரியும் வைத்துக்கொண்டு பக்கத்து ஊர் வரைக்கும் கேட்க வைக்க வேண்டிய மைக்செட்காரருக்குக் கூம்பைத் தவிர வேறு வழி இல்லை. ஆனால் கூம்பு நன்றாக வேலை செய்ய அதன் வாயின் சுற்றளவு ஏறக்குறைய ஒரு அலைநீளமாவது இருக்க வேண்டும். அரை மீட்டர் அகல வாய்க்குச் சுற்றளவு 1.57 மீட்டர். கணக்குப்படி 200 ஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் மேலேயே கூம்பு கையை விரித்துவிடும். நாதஸ்வரம் ஊரெல்லாம் கேட்கும், தவிலின் கனத்த பக்கம் காணாமல் போகும். பந்தலுக்குப் பக்கத்தில் நின்று கேட்டவர்களுக்கு இது தெரிந்ததுதான்.

அப்படியானால் அடித்தொனிக்கும் பெரிய கூம்பு செய்துவிடலாமே என்று தோன்றும். 40 ஹெர்ட்ஸுக்கு வாய் 2.7 மீட்டர் அகலம் வேண்டும். வீட்டுக்குள் அதை வைத்தால் வீட்டுக்காரர் வெளியே படுக்க வேண்டியதுதான். இதற்கு ஒரு அழகான வழி கண்டவர் அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில், ஹோப் என்ற சிற்றூரில் இருந்த பால் கிளிப்ஷ். பெட்டியை அறையின் மூலையில் தள்ளிவிட்டால் இரண்டு சுவரும் தரையும் கூம்பின் மீதிப் பகுதியாகிவிடும், வாயின் பரப்பு எட்டில் ஒரு பங்கு போதும் என்றார். 1946ல் விற்பனைக்கு வந்த கிளிப்ஷ்ஹார்ன் அடுத்த எழுபது வருடத்துக்கு மேல் தயாரிப்பில் இருந்தது. இதைப் பார்த்து உலகமெங்கும் எத்தனையோ பேர் வீட்டில் ரம்பத்தை எடுத்தார்கள். உள்ளே மடித்து மடித்துப் போகும் பலகைகள், சாய்வான வெட்டுகள், காற்றுப் புகாத மூட்டுகள்... ஒரு மூட்டு ஒழுகினாலும் உழைப்பு வீண். நம் ஊருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. திண்ணையும் முற்றமும் ஓட்டுக்கூரையும் உள்ள வீட்டில் அந்த வலுவான மூலைக்கு எங்கே போவது? பந்தலில் மூலையே கிடையாது. வரைபடம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அது எதிர்பார்க்கும் அறை நம்மிடம் இல்லை என்றால் அது நமக்கான வரைபடம் இல்லை.

இங்கிலாந்தில் வேறு மாதிரி ஒரு மனிதர் இருந்தார். யார்க்‌ஷயரைச் சேர்ந்த கில்பர்ட் பிரிக்ஸ். 1932ல் தன் வீட்டு நிலவறையில் ஸ்பீக்கர் செய்து வார்ஃப்டேல் நிறுவனத்தைத் தொடங்கியவர். 1948ல் ஒலிபெருக்கி பற்றிச் சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு புத்தகம் எழுதினார். செங்கல்லில் பெட்டி கட்டிப் பார்த்தார், இரண்டு பலகைக்கு நடுவில் மணலை நிரப்பிப் பார்த்தார். பலகை அதிர்ந்தால் அதுவும் சேர்ந்து பாடும், மணல் அந்த அதிர்வை விழுங்கிவிடும் என்பது அவர் யோசனை. அப்புறம் 1954ல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் ஆளைக் கூட்டி, மேடையில் கலைஞர் வாசிப்பதையும் ஸ்பீக்கர் வாசிப்பதையும் அடுத்தடுத்துக் கேட்க வைத்தார். சொந்தச் சரக்கை இப்படிப் பொதுச்சபையில் பரீட்சைக்கு நிறுத்த எத்தனை வியாபாரிக்குத் தைரியம் வரும்? (மணல் யோசனை கொள்ளிடக்கரைக்காரர்களுக்குச் சுலபம் என்று நினைக்க வேண்டாம். ஆற்று மணலுக்கு இப்போது இருக்கும் கெடுபிடியில் பிளைவுட்டே மலிவு.)

அதே 1954ல் அமெரிக்காவில் எட்கர் வில்சர், கோனைப் பிடித்திருக்கும் விறைப்பைக் குறைத்துவிட்டு, மூடிய சின்னப் பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தினார். புத்தக அலமாரியில் வைக்கும் பெட்டி அலமாரி அளவுப் பெட்டியின் அடித்தொனியைக் கொடுத்தது. அவர் நிறுவனத்தில் இருந்து பிரிந்தவர்கள் தொடங்கிய கே.எல்.எச். என்ற கம்பெனியின் மூன்றாவது எழுத்துக்குரியவர் அன்டன் ஹாஃப்மன். இவர் சொன்னதை ஒலிபெருக்கி உலகத்தில் இரும்பு விதி என்பார்கள். சின்னப் பெட்டி, ஆழமான அடித்தொனி, குறைந்த மின்சாரத்தில் உரத்த சத்தம் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் கேட்கலாம். மூன்றையும் தருவதாகச் சொல்லும் வரைபடத்தை நம்பி ஒரு அடி பலகைகூட வாங்கக் கூடாது. வீட்டில் செய்ய வடிவம் தேடும் எவருக்கும் முதல் சல்லடை இதுதான்.

இரண்டாவது சல்லடையைக் கொடுத்தவர்கள் ஆஸ்திரேலியாவில் வேலை செய்தவர்கள். பெட்டியில் ஓட்டை போட்டு, பின்பக்கச் சத்தத்தைத் திருப்பி முன்பக்கத்துக்குத் துணையாக்கலாம் என்று பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ் 1932லேயே காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனால் ஓட்டை எவ்வளவு பெரிது, பெட்டி எத்தனை லிட்டர் என்பதெல்லாம் முப்பது வருடம் கைப்பக்குவமாகவே இருந்தது. 1961ல் நெவில் தீல் இதை வடிகட்டிச் சுற்றுக் கணக்காக மாற்றி, 28 வகை அமைப்புகளை அட்டவணை போட்டுக் கொடுத்தார். ஆஸ்திரேலியச் சஞ்சிகை ஒன்றில் வந்ததால் உலகம் கண்டுகொள்ளவில்லை! 1971ல் அமெரிக்காவில் மறுபடி அச்சான பிறகுதான் எல்லோரும் விழித்தார்கள். சிட்னி பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த ரிச்சர்ட் ஸ்மால் 1972, 73 கட்டுரைகளில் அதை முழுமையாக்கினார். அன்றிலிருந்து ஒரு ஸ்பீக்கரின் ஜாதகம் மூன்று எண்களில் அடங்கியது: அது இயல்பாக அதிரும் அதிர்வெண், அந்த அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்று சொல்லும் 'கியூ', கோனின் விறைப்புக்குச் சமமான காற்றின் அளவு.

இப்போது பானைக்குத் திரும்புவோம். உதாரணத்துக்கு ஒரு ஸ்பீக்கரின் அதிர்வெண் 60 ஹெர்ட்ஸ், கியூ 0.5, காற்றளவு 30 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். பானை 15 லிட்டர் (லிட்டர் படியால் தண்ணீர் ஊற்றி அளந்துவிடலாம், மரப்பெட்டியில் முடியாத வசதி). 30ஐ 15ஆல் வகுத்து ஒன்று கூட்டினால் 3, அதன் வர்க்கமூலம் 1.73. இதால் பெருக்கினால் பானைக்குள் அதிர்வெண் 104 ஹெர்ட்ஸ், கியூ 0.87. சமமான ஒலிக்கு 0.71 வேண்டும், ஆகவே இது லேசான 'கும்'. அதுவே 30 லிட்டர் பானை என்றால் 85 ஹெர்ட்ஸும் சரியாக 0.71ம் வரும். சின்னக் காந்தம் வைத்த மலிவு ஸ்பீக்கரின் கியூ 0.9 இருந்தால்? 15 லிட்டர் பானையில் 1.56. நூறு ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மலையே எழும்பி நிற்கும். டீக்கடைப் பானையின் ரகசியம் இதுதான்! பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. பானை அதைக் கொடுக்கவே இல்லை, அதன் இரண்டாம், மூன்றாம் மடங்குகளைத் தூக்கிக் கொடுத்தது. காது மீதியைத் தானே நிரப்பிக்கொண்டது. மற்றபடி வளைந்த சுவர், எதிரெதிர் பலகை இல்லாத உருவம், சுட்ட மண்ணின் விறைப்பு எல்லாம் பானைக்குச் சாதகமே. ஸ்பீக்கரின் விளிம்புக்கும் பானை வாய்க்கும் நடுவில் சைக்கிள் டியூபை வெட்டி வைத்து இடைவெளியை அடைத்தால் பாதி பிரச்சினை தீர்ந்தது.

இந்தியாவில் இந்த மூன்று எண்கள்தான் பெரிய தடையாக இருந்தன. 1991க்கு முன் இறக்குமதிக் கட்டுப்பாடு. வெளிநாட்டுப் பத்திரிகையில் வரும் வரைபடம் ஒரு குறிப்பிட்ட ஸ்பீக்கருக்கென்று போட்டது. அது சென்னை ரிச்சி தெருவில் கிடைக்காது. கிடைப்பதன் மேல் எத்தனை இன்ச், எத்தனை வாட், எத்தனை ஓம் என்பதோடு சரி. 'எட்டு இன்ச்சுக்கு எட்டு இன்ச் சரியாப் போச்சு' என்று மாற்றிப் போட்டு, பெட்டி செய்து, ஆசாரி கூலியும் கொடுத்து, கடைசியில் பானையை விட மோசமாகக் கேட்டவர்களின் ஏமாற்றம் சின்னதல்ல. ஒரு மாதச் சம்பளம் போன கதை அது. ஸ்பீக்கரை முதலில் வாங்கி, ஒரு மின்தடையும் மல்டிமீட்டரும் ஒலி அலையை உண்டாக்கும் கருவியும் வைத்து மூன்று எண்களையும் அளந்துவிட்டு அதற்குப் பொருந்தும் பெட்டியைத் தேடுவதே இங்கே புத்திசாலித்தனம். இன்று கருவி வேலையைக் கணினியின் சவுண்ட் கார்டு செய்கிறது, கணக்கை வின்ஐஎஸ்டி போன்ற இலவச மென்பொருள் போடுகிறது.

வரைபடத்தோடு அளவீட்டையும் வெளியிடுகிறவரின் வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது இன்னொரு நல்ல வழி. ஹியூலெட் பேக்கர்டில் பொறியாளராக இருந்த சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ் அப்படிப்பட்டவர். 1976ல் அவர் எழுதிய குறுக்குச் சுற்று முறை இன்றைக்கும் தொழிற்சாலைகளில் புழங்குகிறது. 2018ல் மறையும்வரை வீட்டில் செய்கிறவர்களுக்காக வடிவங்களை விளக்கங்களுடன் கொடுத்துக்கொண்டே இருந்தார். அவருடைய புளூட்டோவுக்கு உடம்பு என்ன தெரியுமா? தண்ணீர் போகும் பிவிசி குழாய்! எந்த ஊர் ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும் சாமான்.

கூம்பின் காலம் சட்டத்தாலும் சுருங்கியது. 2000ம் வருட ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்றன. இரவு 10 மணி முதல் காலை 6 வரை வெளியே ஒலிபெருக்கி கூடாது என்றன. 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொன்னது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கும் நோயாளிக்கும் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு ஃபர்லாங் தாண்டிக் கேட்க வேண்டும் என்ற தேவை போய்விட்டால், கூம்பு நமக்கு வேண்டியதே இல்லை.

செய்து முடித்த பெட்டியைச் சோதிக்க எதிரொலி இல்லாத அறை வேண்டும் என்பார்கள், அதைக் கட்ட லட்சக்கணக்கில் ஆகும். வெட்டவெளித் தரையில் பெட்டியையும் மைக்கையும் வைத்து அளப்பது பொறியாளர்கள் ஒப்புக்கொண்ட மாற்றுவழி. தரை ஒன்றைத் தவிர எதிரொலிக்க எதுவும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். கோடையில் தண்ணீர் வற்றிய கொள்ளிடத்தின் நடுவில் நின்றால் சுவர், மரம், கட்டடம் எல்லாம் வெகு தூரத்தில். மணல் கீச்சொலியை உறிஞ்சும் என்பதால் கீழே ஒரு பிளைவுட் பலகை போட்டுக்கொள்ள வேண்டும். விடியற்காலையில் போவது நல்லது. வெயில் ஏறினால் காற்று எழும்பி மைக்கில் இரைச்சல் கலந்துவிடும், பாலத்தில் லாரிகளும் ஓட ஆரம்பித்துவிடும்.