அம்புப் புழையும் மலைக் கணவாயும்: கண்டி இராச்சியத்தின் அரண்முறை

வேலூர்க் கோட்டையிற் காண்பது போன்ற புழைகள் பொருந்திய கல்மதில்கள் கொத்மலை முதலிய இடங்களைக் கொண்ட இலங்கையின் மத்திய மலைநாட்டில் அருகியிருப்பதைக் கொண்டு, கண்டி மன்னர் அரண் அமைக்கும் கலையிற் பின்தங்கியவர் என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. புழையின் தத்துவத்தை அது குடையப்பட்ட கல்லினின்றும் பிரித்து நோக்குவோமாயின், அதே தத்துவம் இம்மலைகளில் வேறு வடிவில் இயங்கியமை புலனாகும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

மதிலின் புறமுகத்திலே ஒரு பிளவளவாய் ஒடுங்கி, அகமுகத்திலே வில்லாளன் இருமருங்கும் திரும்பி எய்வதற்கேற்ப விரிவது அம்புப் புழை. எய்பவனுக்கு இலக்கைக் காட்டி, இலக்கானவனுக்கு எய்பவனை மறைப்பதே அதன் பிரயோசனம். கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் உரோமர் சிரக்கூஸ் நகரை முற்றுகையிட்ட காலத்து, ஆர்க்கிமிடீஸ் மதிலில் ஆளுயரத்திலே, புறத்தே உள்ளங்கை அகலமேயான துளைகளை அமைத்தார் என்று பொலிபியஸ் எழுதினார். கௌடிலியரின் அர்த்தசாஸ்திரமோ, மூடியுள்ள துளைப் பலகைகளை இணைத்து, மூன்று வில்லாளர் நிற்கத்தக்க இந்திரகோசத்தை மதில்மேல் அமைக்க விதிக்கின்றது. சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதை, மதுரை மதிலின் பொறிகளை நிரல்படக் கூறுமிடத்து, எய்வோர் மறைந்து நிற்கும் மதிலுறுப்பாகிய ஞாயிலையும் சேர்த்துரைக்கின்றது. ஆயினும் இவையனைத்தும், பகைவன் மதிலை நாடி வந்தே தீர்வான் என்னும் ஒரே அனுமானத்தைப் பற்றி நிற்பவை. அவன் அணுகாது சூழ்ந்திருந்து உணவை அறுப்பானாயின், எத்துணை நுட்பமான புழையும் பயன்படாது.

கண்டியர் இவ்வனுமானத்தையே கைவிட்டனர். கண்டியிற் சிறையிருந்த ஆங்கிலேயரான ரொபர்ட் நொக்ஸின், 1681இல் வெளியான நூல், ஒடுங்கிய மலைவழிகளிலே முட்செடிகளாற் செய்து மேலே தூக்கித் திறக்கப்பட்ட கடவைகளையும், அவற்றின் காவலரையும் விவரிக்கின்றது. தலைநகருக்குச் செல்லும் வழியிலிருந்த பலனைக் கணவாயின் ஒடுக்கமே இங்கு புழையின் பிளவு. அதனைச் சூழ்ந்து விரிந்த வனமே எய்பவன் மறைந்து நின்ற அகமுகம். 1594இலும் 1638இலும் போர்த்துக்கேயரும், 1803இல் ஆங்கிலேயரும் தலைநகருட் புகத் தடையிருக்கவில்லை. புகுந்த பின்னரே, முறையே தந்துறையிலும், கன்னொறுவையிலும், கண்டியை அடுத்தும் அவர்தம் படைகள் அழிவுற்றன. மதில் இடத்தைக் காத்தது. மலையோ இடத்தை இழந்து இராச்சியத்தைக் காத்தது. எரிந்த தலைநகரே இம்முறைக்குக் கொடுத்த விலையாதலின், அரசுரிமையின் சின்னங்கள் ஒதுங்குதற்கு உள்மலைப் புகலிடம் இன்றியமையாததாயிற்று. பதின்மூன்றாம் நூற்றாண்டிலே மாகனின் படையெடுப்புக் காலத்திற் கொத்மலையில் மறைக்கப்பட்ட, அரசுரிமைச் சின்னமான தந்த தாதுவை மூன்றாம் விஜயபாகு மீட்டெடுத்தான் எனச் சூளவம்சம் கூறுவது, இவ்வழக்கம் கண்டி இராச்சியத்தினும் பழைமையானது என்பதைக் காட்டும்.

இவ்வரணைத் தகர்த்தது பீரங்கியன்று. பிரதானிகளின் பிளவு 1815இல் இராச்சியத்தை வீழ்த்தியது. 1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்துக் கண்டிப் பெருந்தெரு கணவாயின் ஒடுக்கத்தைப் பயனற்றதாக்கியது. கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாக வனம் அழிக்கப்பட்டபோது, எஞ்சிய மறைவும் நீங்கியது. அவ்வனத்தை வெட்டிய கைகளுட் பலவோ, மதில் சூழ்ந்த கோட்டைகளின் நாடாகிய தமிழகத்திலிருந்து வந்த, மலையகத் தமிழராகிய எம் முன்னோருடையவை. ஆதலின் மலைநாட்டின் அரண் வரலாற்றை எழுதுவோர், இடிந்த சுவர்களை மாத்திரம் அளந்து அமைதல் போதாது. பழைய கடவைகள் இருந்த இடங்களையும், தோட்டங்களுக்கூடே இன்றும் செல்லும் ஒற்றையடிப் பாதைகளையும், அவற்றைப் பற்றித் தோட்ட மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்திகளையும் அரணின் சான்றுகளாகவே பதிவுசெய்தல் வேண்டும்.