கூலி (சொல்)

கூலி என்பது உழைப்புக்குக் கொடுக்கப்படும் ஊதியத்தைக் குறிக்கும் தமிழ்ச் சொல். திருக்குறளில் 619ஆம் பாட்டிலேயே இது இடம்பெற்றுவிட்டது. உடல் வருந்திச் செய்த முயற்சிக்குக் கிடைக்கும் பயனை வள்ளுவர் இச்சொல்லால் சுட்டுகிறார். வண்டிக்கூலி, அரைவைக்கூலி, நாட்கூலி என வழக்கில் பலவாறு கிளைத்தது. கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் நகை வாங்குவோர் இன்றும் செய்கூலியைக் குறைக்கச் சொல்லித்தான் பேரம் பேசுகிறார்கள். ஐரோப்பியர் வாயில் புகுந்தபோது இச்சொல் பணத்தை விட்டு ஆளைப் பற்றிக்கொண்டது. உழைத்தவன் பெறவேண்டியது எதுவோ, அதுவே அவனுக்குப் பெயராகி, பிறகு வசையும் ஆயிற்று.

இந்தியக் கடற்கரைகளில் சுமை தூக்கியவர்களை இப்பெயரால் முதலில் எழுதிவைத்த ஐரோப்பியர் போர்ச்சுகீசியர். குஜராத்தின் கோலி சமூகப் பெயரே இதற்கு மூலம் என்பார் உண்டு. தமிழ்க் கூலியே மூலம் என்பாரும் உண்டு. யூலும் பர்னெலும் தொகுத்து 1886இல் வெளியான ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இரண்டையும் எடுத்துப் பேசுகிறது. மேற்குக் கரையின் இனப்பெயரும் கிழக்குக் கரையின் ஊதியச் சொல்லும் ஒலி ஒற்றுமையால் ஒன்றில் ஒன்று கலந்தன என்று கொள்வதே பொருத்தமாகப் படுகிறது.

டச்சு அரசு 1880இல் சுமத்திராவின் கிழக்குக் கரைத் தோட்டங்களுக்கென இயற்றிய கூலிச் சட்டம், ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளிக்குத் தண்டனை விதித்தது. அக்காலத் தென்னாப்பிரிக்காவில் இந்தியர் எவரானாலும் கூலிதான். காந்தியையே கூலி பாரிஸ்டர் என்றார்கள். சீனர் இதே ஒலியை எழுத, கசப்பு, வலிமை என்று பொருள்படும் இரண்டு எழுத்துகளைத் தேர்ந்துகொண்டனர். விந்தையான பயணம் ஜெர்மனியில் நடந்தது. ஹாம்பர்க்கில் 1928இல் தொடங்கிய ஒரு பேனா நிறுவனம் தன் சரக்குக்கு 'டின்டன்கூலி', அதாவது மைக்கூலி, என்று பெயர் வைத்தது. பந்துமுனைப் பேனாவுக்கான நீண்ட ஜெர்மன் சொல்லும் கூ என்றே தொடங்குவதால், இன்று அங்கே பேனாவுக்குப் பேச்சுவழக்குப் பெயர் கூலி.

மலாயாவுக்கு ஒப்பந்தத்தில் வந்த தமிழர் சஞ்சிக்கூலி எனப்பட்டனர். சஞ்சி என்பது, வாக்குறுதியைக் குறிக்கும் மலாய்ச் சொல்லான ஜன்ஜியின் தமிழ் வடிவம். கோலாலம்பூரைக் கிள்ளான் அருகிலுள்ள புக்கிட் கூடாவோடு இணைத்த ரயில் 1886இல் ஓடத் தொடங்கியது. ரயில் பணிமனையையும் குடியிருப்புகளையும் சுற்றி பிரிக்பீல்ட்ஸ் தமிழர் பேட்டையாக வளர்ந்தது. சஞ்சி முறை 1910இல் ஒழிக்கப்பட்டாலும், கங்காணி என்னும் மேற்பார்வையாளர் வழி ஆள் சேர்க்கும் முறை நீடித்தது. தோட்டங்களில் விடியுமுன் பெரட்டில், அதாவது ஆள்கணக்கெடுப்பில், வரிசையாக நிற்க வேண்டும். தோட்ட எழுத்தரான கிராணி பெயர் கூப்பிட, வேலைக்கு வந்த தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசு சேரும். ஆளை ஆளாக எண்ணாமல் தலையாக எண்ணிய கணக்கு அது. உதவி பெற்றுக் குடியேறுவதை இந்திய அரசு 1938இல் தடுத்தது.

இச்சொல்லின் இரு பொருள்களும் நேருக்கு நேர் மோதியது 1941ஆம் ஆண்டு கிள்ளான் தோட்ட வேலைநிறுத்தத்தில். தமிழ்நேசன் பத்திரிகையில் பணியாற்றிய ஆர். எச். நாதன் முன்னின்றார். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி கேட்டார்கள்; அதோடு, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் கட்டாயம் போகவேண்டும், கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்றும் கேட்டார்கள். முதல் கோரிக்கை வயிற்றுக்காக, சைக்கிள் கோரிக்கை மானத்துக்காக. என் பார்வையில் சைக்கிள் கோரிக்கையே எடை மிக்கது. நாதன் கைதாகி நாடுகடத்தப்பட்டார், படை இறங்கியது, தொழிலாளர் சிலர் சுடப்பட்டு இறந்தனர்.

தோட்டச் சங்கங்கள் ஒன்றிணைந்து 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபோது, அதன் பெயரில் தொழிலாளர் என்ற சொல்லே நின்றது. ஆளைக் குறிக்கும் கூலி, மலேசியத் தமிழில் இப்போது பெரும்பாலும் சஞ்சிக்கூலி வரலாற்றை எழுதும்போதுதான் வருகிறது. மலாயில் குலி என்ற வடிவில் அது இன்னும் ஆளையே குறிக்கிறது.