தஞ்சையில் தண்ணீருக்கு மனு பிறந்த கதை

தன் வயலுக்கு முறைத் தண்ணீர் வந்து சேராதபோது யார் முன்னே போய் நிற்க வேண்டும் என்பதைக் காவிரிப் படுகையின் கடைமடைக்காரன் நெடுங்காலமாகவே அறிந்திருந்தான். மதகைத் திறப்பவன் இன்னான், வாய்க்காலைத் தூர்வாரும் பொறுப்பு இன்ன ஊராருடையது என்பதெல்லாம் வழக்கத்தில் ஊறியிருந்தபடியால், சண்டையும் வியாஜ்யமும் ஏராளமாக இருந்தனவேயன்றி, முகமறியாத ஒருவருக்கு விண்ணப்பம் எழுதிவிட்டுக் காத்திருக்கும் அவசியம் அவனுக்கு நேரவில்லை. அந்தப் படுகையின் தலைநகரான தஞ்சையிலோ, குடிக்கும் ஜலத்தைக் குறித்துப் பிரஜை வாய்திறந்து முறையிடத் தொடங்கியது மிகவும் பிந்திய காலத்தில்தான்.

முறையிடும்படி அங்கே குறையே இருந்ததில்லை என்று கொள்ளலாகாது. சேவப்ப நாயக்கன்வாரி என்று இன்றும் வழங்கும் ஏரியில் தேங்கிய மழைநீர், பெரிய கோயிலை அடுத்துள்ள சிவகங்கைக் குளத்துக்கு வந்து தெளிந்து, அங்கிருந்து பூமிக்கடியிலே ஓடிய சுரங்கக் கால்கள் வழியாகக் கோட்டைக்குள்ளிருந்த குளங்களையும் கிணறுகளையும் சென்றடைந்தது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும் நீரின் சுபாவத்தையன்றி வேறு யந்திரம் எதையும் நாடாத இந்த ஏற்பாட்டை ஜலசூத்திரம் என்றார்கள். அந்த ஏற்பாடும் பழுதுபடாமல் இருக்கவில்லை: மேலவீதிப் பக்கத்து ஐயன்குளத்துக்கு நீர் கொணர்ந்த சுரங்கம் தூர்ந்துபோய், அக்குளம் பல்லாண்டுகள் வறண்டு கிடந்து, சில வருஷங்களுக்கு முன்புதான் சீர்மிகு நகரத் திட்டத்தின் கீழ்ச் செப்பனிடப்பட்டு மறுபடியும் நீர் கண்டது.

1799ஆம் வருஷத்து உடன்படிக்கையால் ராஜ்யத்தைக் கம்பெனியாரிடம் விட்டுவிட்டுக் கோட்டையையும் அதன் சுற்றுப்புறத்தையும் மாத்திரம் தம் அதிகாரத்தில் வைத்துக்கொண்ட இரண்டாம் சரபோஜி என்ற மராத்திய மன்னர், நகரத்தின் சாக்கடைகளிலும் கிணறுகளிலும் விசேஷ சிரத்தை காட்டியவராகப் போற்றப்படுகிறார். ஆளுவதற்கு நாடு மிஞ்சாத அரசர் சாக்கடையைக் கவனித்தது ஊராருக்கு லாபமாயிற்று என்பது என் அபிப்பிராயம். ஆயினும் அரசர் வெட்டிய கிணறு தர்மம். தர்மமாக வந்ததில் உப்புக் கரித்தாலும் குறை சொல்லும் உரிமை எவருக்கு உண்டு?

1855இல் மராத்திய வமிசத்து ஆட்சி முடிவுற்றது. 1866இல் நகரசபை ஏற்பட்டது. பின்னர்க் குழாய்கள் வந்தன. 1920ஆம் வருஷத்து ஜில்லா முனிசிபாலிட்டிச் சட்டமோ சொத்துவரிக்குள்ளேயே ஜலத்துக்கும் வடிகாலுக்குமான வரியையும் சேர்த்துவிட்டது. பில் கலெக்டர் கிழித்துக் கொடுத்த ரசீதைப் பெட்டிக்குள் பூட்டி வைத்த குடும்பஸ்தர், தெருக்குழாய் வறண்ட அன்றைக்கு அதை எடுத்துக்கொண்டு கவுன்சிலர் வீட்டுத் திண்ணைக்குப் போகலானார். அங்கே பலிக்காவிட்டால், "மகாராஜராஜஸ்ரீ" என்று தொடங்கிச் சேர்மனுக்கு மனு எழுதலானார். நிலம் வைத்திருந்த தஞ்சாவூர்க்காரருக்குத் தண்ணீருக்காக வாதாடுவதைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. கிராமத்து முறைப்பாசனத்தில் பழகிய நாவு நகரசபைக் காகிதத்தில் பேசியது, அவ்வளவே. அந்த மனுக்களின் பணிவான வாசகத்துக்கு அடியிலே, வரி கொடுத்தவனுக்குக் கணக்குச் சொல் என்கிற கண்டிப்பு இருந்தது. ராஜாவின் காலத்தில் அது வாய்த்திராது.

வடிகால் விஷயம் வேறு. வீதி வீடுகளின் கொல்லைப்புறத்தே ஓடிய குறுகிய சந்துகளின் வழியாக விடியுமுன் வந்து, எடுப்புக் கக்கூசுகளின் மலத்தைக் கையால் வாரிச் சுமந்து சென்றவர்கள் ஒரு நாள் வராவிட்டால், அதற்கும் மனு எழுதப்பட்டது. சானிடரி இன்ஸ்பெக்டர் விசாரித்தார், வராதவருடைய கூலி பிடிக்கப்பட்டது. வாசல்பக்கம் வரக்கூடாதென்று ஜாதியால் விலக்கப்பட்டிருந்த அவர்களே எழுதியிருக்க வேண்டிய மனுவைப் பெற்றுக்கொள்ள மேஜை ஒன்றும் போடப்பட்டிருக்கவில்லை. அந்த வேலையைத் தடைசெய்யும் மத்திய சட்டம் 1993இல்தான் வந்தது. அதுவும் போதாதென்று கண்டு 2013இல் மற்றொன்று இயற்ற நேர்ந்தது.